மழை குறையும் என்று சொன்ன கொண்டல் நான்தான்

முரளி,

சாப்பிட்டாயா, இருமல் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இணையத்தில் நீ நடத்திய மழைப் பக்கத்தில் ஐப்பசி முழுக்க 'கொண்டல்' என்ற பெயரில் வந்து உன்னோடு வாதம் செய்த ஆள், நீ மரியாதையாகக் 'கொண்டல் சார்' என்று கூப்பிட்ட அந்த ஆள், சார் இல்லை. உன் அம்மா. கராடியில் இருக்கும் உன் ஃப்ளாட்டிலிருந்து ரிக்‌ஷாவில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில், புனே விமான் நகரில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் நான்தான் எழுதினேன்.

இதை உனக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். நேரிலேயே சொல்லியிருக்கலாம், அதுதான் இன்னும் ஒழுங்கு. ஆனால் நேரில் வந்தால் நீ உடனே "போகட்டும் மா" என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். தவிர, நடுத்தெருவில் செய்த தப்புக்குச் சமையலறையில் மன்னிப்புக் கேட்பது நியாயம் இல்லை. நீ பக்கத்தை நிறுத்திவிட்டாயே தவிர அழிக்கவில்லை. அதனால் கொண்டல் என்ற அதே பெயரில், அதே இடத்தில், உன்னை நம்பி வந்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படி இதைப் போடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய விஷயங்கள் இதில் இருக்கின்றன.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே மா, மழை வருமா?" என்று கேட்டாய். உன் அம்மா வானிலை ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாளைக்கு எல்லாம் என் டிபார்ட்மென்ட் இல்லடா. நான் பார்க்கிறது கடலை. வருஷக் கணக்குல, முப்பது வருஷக் கணக்குல" என்றேன். உன் முகம் சுருங்கிப்போனது. பிறகு மனது கேட்காமல், குளியலறையில் உன்னை நிற்க வைத்து விளக்கினேன். டம்ளரில் வெந்நீர், அண்டாவில் வெந்நீர். டம்ளர் சீக்கிரம் ஆறிவிடும், அண்டா ஆறாது. கடல் என்பது பெரிய அண்டா, அது ஒரு தடவை சூடானால் அந்தச் சூட்டை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும் என்றேன். நீ அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சரி, ஆனா நாளைக்கு மழை வருமா?" என்றாய். கடைசியில் கீழ் வீட்டு அங்கிளிடம் போய்க் கேட்டு வந்தாய். அவர் ரயில்வேயில் இருந்தார். வராது என்று சொன்னார், வரவில்லை. உன்னைப் பொறுத்தவரை அவர்தான் பெரிய வானிலைக்காரர். நான் அன்று சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது.

என் வேலை என்ன என்று உன் பக்கத்தைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பசிபிக் கடலின் நடுப்பகுதி சில வருஷங்கள் வழக்கத்தைவிடச் சூடாகும், அதை எல் நினோ என்பார்கள். சில வருஷங்கள் குளிரும், அது லா நினா. அங்கே தண்ணீர் சூடானாலும் குளிர்ந்தாலும் அதற்கு மேலே காற்று எழும்பும் இடம் மாறும், உலகத்தின் இந்தக் கோடிவரை காற்றின் போக்கு மாறும். எங்கோ கிடக்கும் கடல் குளிர்ந்ததற்குப் புனேயில் நம் வாட்ச்மேன் வழக்கத்துக்கு முன்பே காய்ந்த இலைகளைக் கூட்டித் தீ மூட்டிக் குளிர் காய்வார். தமிழ்நாட்டில் அதே குளிர்காலத்து வடகிழக்குப் பருவமழை கொஞ்சம் மெலிவாக இருக்கும். இதெல்லாம் சின்னச் சுழற்சி. இதற்கு அடியில் இன்னொரு பெரிய சுழற்சி இருக்கிறது. அதே பசிபிக், இருபது முப்பது வருஷம் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும், பிறகு மெல்ல மறுபக்கம் புரளும். பெரியதும் சின்னதும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளைவு பலமாக இருக்கலாம். எதிரெதிராக இருந்தால் ஒன்றை ஒன்று அடக்கலாம். இந்தப் பெரிய சுழற்சிதான் என் வாழ்க்கை. உன் பள்ளிக்கூட பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு எத்தனை தடவை வராமல் போனேனோ, அத்தனைக்கும் அந்தக் கடல்தான் காரணம்.

மேலே எத்தனை தடவை 'கலாம்' போட்டிருக்கிறேன் பார். அதுதான் எங்கள் தொழில். ஆபீஸில் 'மழை குறையும்' என்று யாராவது எழுதிக் கொண்டுவந்தால் நான் சிவப்புப் பேனாவை எடுப்பேன். 'குறைவதற்கு வாய்ப்பு அதிகம்' என்று திருத்தித்தான் கையெழுத்துப் போடுவேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னை முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வார்கள், மேடம் வீட்டில் சாதம் வெந்ததா என்று கேட்டால்கூட வெந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்வார் என்று. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இனி உன் கதை. அப்பாவின் சொந்த ஊர்ப் பக்கம், பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, அங்கே பந்தலுக்கு வெளியே நின்ற ஆட்கள் போனில் இங்கிலீஷ் மேப்பை வைத்துக்கொண்டு இந்த நீலம் மழையா, பச்சை மழையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ போய் விளக்கினாய், உன் அரைகுறைத் தமிழில், நடுநடுவே ஹிந்தியும் கலந்து. அவர்கள் சிரித்தார்கள், ஆனால் விடாமல் கேட்டார்கள். திரும்பி வந்ததும் பக்கம் ஆரம்பித்தாய். தமிழ் படி என்று நான் தலைகீழாக நின்றபோது, "இங்க யாரு மா இதைப் படிக்கிறாங்க?" என்று புத்தகத்தை மூடி வைத்த பிள்ளை, யாரோ முகம் தெரியாத விவசாயிகளுக்காக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாய். அப்பாவுக்குக் கண் கலங்கியது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் தோன்றியது. வீட்டிலேயே ஆயுள் முழுக்கக் கடலைப் பார்த்தவள் ஒருத்தி ரிடையராகி, காய்கறி விற்கும் பாஜிவாலாவோடு கொத்தமல்லிக்குச் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு இவன் யார் யாரிடமோ போய்க் கற்றுக்கொள்கிறானே என்று.

ஆனால் நீ கேட்டாய். அதை நான் வசதியாக மறந்துவிட்டேன். முதல் வீடியோவைக் கொண்டுவந்து என்னிடம்தானே முதலில் காட்டினாய்? சோபாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முழுக்கப் பார்த்துவிட்டு, "கூட ஒரு கிளியும் வெச்சுக்கோடா, இன்னும் கூட்டம் வரும்" என்றேன். நீயும் சிரித்தாய். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒரு வீடியோவைக்கூட என்னிடம் காட்டவில்லை. கதவை நான்தான் சாத்தினேன், சாத்திவிட்டு உள்ளே யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்து குமைந்துகொண்டிருந்தேன்.

கொண்டல் பிறந்தது அந்தக் குமைச்சலில்தான். முதல் நாள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீ ஒரு இடத்தில் காற்றின் திசையை மாற்றிச் சொல்லிவிட்டாய், திருத்தலாம் என்று தோன்றியது. என் பெயரில் திருத்தினால் நீ முகம் சுளிப்பாய் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். மழையைக் கொண்டுவரும் கிழக்குக் காற்று, அழகான பெயர். நீ உடனே பதில் போட்டாய்: "நன்றி சார், சரி செய்கிறேன்." என் மகன் என்னிடம் நன்றி சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தினமும் வந்தேன். நீ கேள்வி கேட்பாய், நான் விளக்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே சாப்பிட வந்தபோது நீயே ஆரம்பித்தாய். "அம்மா, என் பேஜ்ல ஒருத்தர் வர்றார், கொண்டல்னு. செம நாலெட்ஜ். யாரோ ரிடையர்ட் ப்ரொஃபசர்னு நினைக்கிறேன்." நான் உன் தட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அப்படியா? வயசான ஆளுக்கு வேற வேலை இல்லை போல" என்றேன். முகத்தில் ஒரு சலனம் காட்டவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டே அவனை ஏமாற்ற முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதை ரசிக்கவும் முடிந்தது என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

ஐப்பசி நடுவில் நீ அந்த வீடியோவைப் போட்டாய். லா நினாதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், நம் வங்கக் கடல் சூடாக இருக்கிறது, பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி வரும் மழை மேகக் கூட்டம் ஒன்று கார்த்திகையில் நம் பக்கம் வரும் போலிருக்கிறது, தண்ணீர் நிற்கும் நிலத்தில் இப்போது நடவேண்டாம், பொறுங்கள் என்று சொன்னாய். நிதானமான பேச்சு. நான் ஆபீஸில் இருந்த நாளில் இதை ஒரு புதுப் பையன் கொண்டுவந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன். ஆனால் நீ என் கடலை ஒரு வரியில் தள்ளிவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து நீளமாக எழுதினேன். பெரிய சுழற்சி குளிர்ந்த பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் மேல் லா நினாவும் வந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மழை குறையும் என்றேன். குறையும்! ஆயுள் முழுக்க மற்றவர்கள் தாளில் நான் அடித்த அதே வார்த்தை. 'வாய்ப்பு' என்று எழுதினால் வாதத்தில் தோற்றவள் மாதிரி இருக்கும் என்று அதை எடுத்துவிட்டேன். அதோடும் நிறுத்தவில்லை. "அலையை எண்ணிக்கொண்டிருப்பவருக்குக் கடல் தெரியாது. தம்பி, ஆர்வம் வேறு, அறிவு வேறு" என்று முடித்தேன். கீழே எத்தனை பேர் கை தட்டிவிட்டுப் போனார்கள்! நீ இரண்டு மூன்று நாள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் விடாமல் குத்தினேன். கடைசியில் நீ இன்னொரு வீடியோ போட்டாய். "கொண்டல் சார் சொல்றதுதான் சரின்னு தோணுது. இந்த வருஷம் மழை குறையும்." நான் ஜெயித்துவிட்டேன். அப்பாவுக்கு அன்று கேசரி கிண்டிக் கொடுத்தேன், எதற்கு என்று அவர் கேட்டார், சும்மாதான் என்றேன்.

நான் சொன்ன கடல் கணக்குப் பொய் இல்லை முரளி. நிறைய வருஷங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு தெரியத்தான் செய்கிறது. ஆனால் அது சாய்வு மட்டும்தான். லா நினா இருந்தும் தமிழ்நாடு வெள்ளக்காடான வருஷங்களை நானே மேப் போட்டிருக்கிறேன். பெரிய சுழற்சி புரளும்போது இந்த உறவே மாறிப்போகக்கூடும் என்று ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். முப்பது வருஷத்துக்கு உண்மையான ஒன்றை, ஒரு மாதத்துக்கும் ஒரு விவசாயியின் ஒரு துண்டு நிலத்துக்கும் தூக்கிப் பேசக் கூடாது என்பது என் தொழிலின் அரிச்சுவடி. எதிரில் இருப்பவன் என் பிள்ளை என்பதால், அவனிடம் தோற்கக் கூடாது என்பதால், அரிச்சுவடியை மறந்தேன்.

கார்த்திகையில் நீ முதலில் சொன்னபடியே மழை கொட்டியது. பெரம்பலூர்ப் பக்கம் விடாமல் அடித்தது. மழை நின்று கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் நீ வந்தாய். நான் இட்லி மாவுப் பாத்திரத்துக்கு உன் பழைய ஸ்கூல் ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டிருந்தேன், இந்த ஊர்க் குளிரில் அப்படிச் செய்யாவிட்டால் மாவு பொங்குவதில்லை. நீ போனை மேஜைமேல் வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டாய். உன் பக்கத்தைக் கேட்டு நடும் பெரம்பலூர் விவசாயி ஒருவர், நிதானமான பெண் குரல்.

"தம்பி, அஞ்சலை பேசறேங்க. பள்ளக் கொல்லையில நட்ட சின்ன வெங்காயம் பூராவும் அழுவிப் போச்சுங்க. தண்ணி வடியவே இல்லீங்க. பட்டறை போட்டுக் காப்பாத்தி வெச்சிருந்த வெதை வெங்காயமெல்லாம் அதுலதான் போட்டேன், மிச்சம் வெக்கல. உங்கள ஒண்ணும் சொல்லலீங்க தம்பி. இனிமே என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அதைத் திரும்பத் திரும்பப் போட்டாய். பிறகு சொன்னாய், "எனக்குத் தெரிஞ்சுது மா. மேப்ல பார்த்தேன். பார்த்துட்டும் மாத்திச் சொன்னேன்."

"ஏன்டா மாத்தின?" என்று கேட்டேன். நான் கேட்டேன்! வாய் கூசவில்லை எனக்கு.

"அவர் பெரியவர் மா. அவ்வளவு படிச்சவர். எனக்கு என்ன தெரியும்? அவர் சொல்றப்போ நான் ஏன் அடம் பிடிக்கணும்னு நினைச்சேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் கண் சிவந்திருந்தது, நீ தலையைக் குனிந்து ஸ்வெட்டரின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய். "வானிலைன்னா அப்படித்தான்டா, போகட்டும் விடு" என்றேன். காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். நான் திரும்பி வருவதற்குள் நீ கிளம்பிவிட்டாய்.

மறுவாரம் போனில், "பேஜை பந்த் பண்ணிட்டேன் மா" என்றாய். அதே மூச்சில், நெதர்லாந்து வேலைக்குச் சரி சொல்லிவிட்டதாகவும் பொங்கல் கழிந்ததும் கிளம்புவதாகவும் சொன்னாய். பருவமழை நேரத்தில் இங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே நீ இரண்டு தடவை வேண்டாம் என்று தள்ளிய வேலை அது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை வெளிநாடு போகிறான் என்று கீழே போய் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டும் வந்தேன். எதனால் போகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். இதைவிடக் கீழே இறங்க எனக்கு இடம் இல்லை.

அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. அவருக்கு ஐப்பசியிலேயே தெரிந்திருக்கிறது. உன் பக்கத்தை அவர் ஒரு நாள் விடாமல் படிப்பவர் ஆயிற்றே. சென்ற வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கொண்டல் இப்பல்லாம் எழுதறதில்லையா?" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். "நாலு வரிக்கு ஒரு 'ஆகவே' போடறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார். நானே சொல்வேன் என்று காத்திருந்தாராம். நான் அழுதேன், அவர் சமாதானப்படுத்தவில்லை. "நான் பேங்க்ல இருந்தவன். தப்பு யாரு பண்ணினாலும் கையெழுத்துப் போட்டவன்தான் பதில் சொல்லணும். முரளி தன் பேரைப் போட்டான், பதில் சொல்லிட்டிருக்கான். நீ உன் பேரையே போடலையே" என்றார். நாற்பது வருஷத்தில் என்னிடம் அவர் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

ஆகவே (போட்டுவிட்டேன், சிரித்துக்கொள்) அஞ்சலைக்கு உன் பக்கம் வழியாகவே செய்தி அனுப்பினேன். பேச வேண்டும் என்றதும் அவரே நம்பர் கொடுத்தார். நேற்றுக் காலையில் பேசினேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நான்தான் கொண்டல் என்றேன்.

"நீங்க பொம்பளையா?"

"ஆமாம்மா. முரளியோட அம்மா."

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். "பெத்த புள்ளைகிட்டயா பேர மாத்திக்கிட்டு சண்டை போட்டீங்க?"

"ஆமாம்."

"எதுக்குங்க?"

எல்லாக் கேள்விக்கும் விளக்கம் வைத்திருப்பவள் நான். இதை விளக்கப் போகவில்லை. தப்பு என்னுடையது, உங்கள் வெங்காயம் போனதற்கு நான்தான் காரணம், முரளி முதலில் சொன்னதுதான் சரி என்று மட்டும் சொன்னேன். அதோடு வைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே. "இனிமே நானே உங்களுக்குப் பார்த்துச் சொல்றேன்மா, தைப் பட்டத்துக்கு" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க வேணாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி நீட்டிய காபியை வேண்டாம் என்பதுபோலச் சொன்னார். "தம்பி சொன்னது தப்பாப் போச்சுதான். ஆனா அன்னிக்கே போன் போட்டு, 'என்னாலதான்கா, என்னாலதான்கா'ன்னு அழுதுச்சு. நான்தான் சமாதானம் சொன்னேன். நீங்க இத்தனை நாளு எங்க இருந்தீங்க?"

நீ அவரிடம் அழுதது எனக்குத் தெரியாது முரளி. என் மடியில் அழ வேண்டியதை, நீ பார்த்தே இராத ஒருவரிடம் அழுதிருக்கிறாய், அவர் உன்னைத் தேற்றியிருக்கிறார். விதை அழுகிக் கிடந்த கொல்லை வரப்பில் நின்றுகொண்டு.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இப்போதைக்கு எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், தொழில் தெரிந்தவள் சொல்வதாக எடுத்துக்கொள். பெரிய சுழற்சி, சின்னச் சுழற்சி, எல்லாவற்றையும் படி. என் அலமாரியில் இருக்கும் அத்தனையும் உனக்குத்தான். ஆனால் உன் கண்ணில் பட்டதை, பேச்சில் பெரியவராக இருக்கிறார் என்பதற்காக யாரிடமும் விட்டுக்கொடுக்காதே. அடித்துச் சொல்கிறவரிடம் காரணத்தைக் கேள், வயதைக் கேட்காதே. அது அம்மாவாக இருந்தாலும்.

நெதர்லாந்துக்குப் போ, போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வங்கக் கடலின் படம் அங்கிருந்தும் தெரியும். என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை, அது உன் இஷ்டம், அதற்கு நாள் ஆகட்டும். கொண்டல் இதற்கு மேல் எழுத மாட்டாள். ஆனால் அஞ்சலை தங்கை வீட்டிலிருந்து விதை வாங்கி வந்து வைத்திருக்கிறார். கொல்லையை உழுதும் போட்டுவிட்டார். எப்போது நடப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தம்பி சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். உழுத மண்ணின் ஈரப்பதம் காய்ந்துகொண்டிருக்கிறது, முரளி. அவருக்கு இன்றைக்கே பதில் சொல்.

உன் அம்மா